தேதி?

பத்தாம் பதிப்பு இறங்கத் தொடங்கியபோது
கருங்கல் சந்தையில்
கடைசி மரச்சீனியை எடை போட்டுக்கொண்டிருந்தார்கள்.
வளையல்கடைக்கு மேல்மாடி என் அறை.
மழை வலுத்தால் நெட் படுத்துவிடும்.
தொண்ணூறு சதவீதத்தில் நின்று, யோசித்து,
எட்டு மணிக்குமேல் நூறானது.

புதியவை என்று ஒரு பட்டியல்.
வேகம் கூடியிருக்கிறதாம். எப்போதும் கூடுகிறது.
நினைவகத்தைக் குறைவாகத் தின்னுமாம்.
ஓடுகிற செயலியை நிறுத்தாமலே
திருத்தம் உள்ளே போய் உட்காருமாம்,
ஓடும் பஸ்ஸில் தொற்றி ஏறுகிற
மார்த்தாண்டம் காலேஜ் பையனைப்போல.
தலையாட்டிக்கொண்டே கீழே உருட்டினேன்.
ஏழாவதோ எட்டாவதோ வரியில் இருந்தது:
காலியாக இருக்கக்கூடியதை
காலியாக இருக்கக்கூடும் என்று
இனி நீங்களே சொல்லவேண்டும்.

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்கு
நாலு வருடம் முன்பு நான் எழுதிக்கொடுத்த கணக்கு.
வள்ளத்தின் பெயர், உரிமையாளர், டீசல், ஐஸ்,
போன தேதி, வந்த தேதி.
வராத வள்ளத்துக்கு வந்த தேதி ஏது?
பழைய பதிப்பு அதைக் கேட்டதே இல்லை.
வெற்றிடம் கண்டால் தானாக ஒரு தேதியை வைத்துக்கொள்ளும்:
ஒன்றாம் ஆண்டு, ஜனவரி ஒன்று, நள்ளிரவு.
திரையில் அது தெரியாதிருக்க
நானே ஒரு வரி எழுதியிருந்தேன்,
வெட்கப்படவேண்டிய வரி.
ஆக, என் கணக்கின் அடித்தளத்தில்
சுறாவுக்குப் போய் நாற்பது நாள் தங்குகிற ஒவ்வொரு வள்ளமும்
புறப்படுவதற்கு இரண்டாயிரம் வருடம் முன்பே
கரைக்கு வந்து
மீனை ஏலம் விட்டிருந்தது.

இப்போது கம்பைல் செய்யச் சொன்னால் மறுக்கிறது.
நூற்றிப் பதினேழு சிவப்பு.
தேதி என்று இருக்குமிடத்தில்
தேதி? என்று போட்டால் ஆறிவிடும்.
போட்டேன், போட்டேன், ஒன்றரை மணிவரை போட்டேன்.
மிஞ்சியவை மூன்று வள்ளங்கள்.
வருடக்கணக்காகக் காலி.

துறைமுக ஆபீஸில் ராத்திரி இருப்பவர் வியாகுலதாசன்.
போனை எடுத்தார். பின்னால் ஐஸ் உடைக்கிற சத்தம்.
“ஜெசிபாவா? அத கொச்சிக்காரன் வாங்கியாச்சுல்லா.”
“சீ ஸ்டார் முட்டத்துல கெடக்கு, கேஸு தீரல்ல.”
பனிமாதா, என்றேன்.
ஐஸ் உடைந்துகொண்டே இருந்தது.
“அதுக்கு நீ ஒண்ணும் போடாண்டாம் மக்களே.”

மூன்றுக்கும் ஒரே கேள்விக்குறி.
பட்டியலில் இன்னும் கீழே அதற்கும் வழி வைத்திருந்தார்கள்:
ஒரு மதிப்பு இதுவாகவோ அதுவாகவோ
வேறொன்றாகவோ இருக்கலாம்,
ஒவ்வொன்றுக்கும் பெயர் வை.
வைத்தேன். விற்கப்பட்டது. வழக்கில் உள்ளது.
மூன்றாவதற்கு விரல் நின்றது.
காணவில்லை என்று எழுதினால்
யாரோ தேடிக்கொண்டிருப்பதாக ஆகும்.
சட்டத்திடம் ஏழு வருடம் என்று ஓர் எண் இருக்கிறது,
அதற்கு இன்னும் நாலு பாக்கி.
முடிந்தது என்று எழுதினால்,
அந்த வள்ளத்தின் ஐஸ் கடனை
மாதம் முந்நூறாக அடைக்க வருகிற ரெஜினாள்
கவுண்டரில் இந்தத் திரைக்கு எதிரேதான் நிற்பார்.

நாலரைக்கு ஏலம். நாலுக்குள் ஏற்றியாகவேண்டும்.
பெயர் வைக்காமல் கம்பைல் செய்தேன்.
பிழை: இல்லை.
எச்சரிக்கை: ஒன்று.
வரி இருநூற்றிப் பதினாலு. இந்த மதிப்பு காலியாக இருக்கலாம்.

அதை அடக்க ஓர் ஆச்சரியக்குறி போதும்.
காலி இல்லை, எனக்குத் தெரியும் என்று
எந்திரத்திடம் சத்தியம் செய்கிற குறி.
போடவில்லை.
இனி ஒவ்வொரு முறையும்
மஞ்சளாக அது வந்துவிட்டுப் போகட்டும்.

கீழே சாயாக்கடை ஷட்டர் ஏறியது.
வேகம் கூடியிருப்பது உண்மைதான்.
முன்பு பதினொரு விநாடி,
இப்போது நாலு.