மூன்று விளக்குப் பெட்டி

சத்தியவேடு தாண்டி, ஜல்லிப் புழுதிக்குள்
எங்கள் லேமினேட் ஆலை.
நான் அங்கே நிறம் பார்க்கிறவள்.
என் மேஜைமேல் ஒரு பெட்டி, அதற்குள் மூன்று விளக்கு:
ஒன்று பகல், ஒன்று கடை, ஒன்று வீடு.
பகலில் ஒட்டிப் பிறந்த இரண்டு பழுப்பு
வீட்டு விளக்கில் முகம் திருப்பிக்கொள்ளும்.
மூன்றிலும் ஒத்துப்போனால்தான்
என் கையெழுத்து.

வருஷத்துக்கு ஒருமுறை மும்பையிலிருந்து
நிறங்களுக்குப் பெயர் வரும்.
பாலைவன முணுமுணுப்பு.
நள்ளிரவு பிளம்.
நாங்கள் கூப்பிடுவது வேறு:
தடா லாரிப் புழுதி,
இரண்டாம் கொதி டீ.
பிரஸ்ஸில் நிற்கும் சுப்பராயுடு
பிளம் பழத்தைக் கண்டதில்லை. அவனுக்கு அது
‘கமிலின தெப்ப’,
அடிபட்டுக் கன்றிப்போன இடம்.
சரியான நிறம்தான்.

நிறம் தப்பிய தகடுகளை
மூலையில் ஒரு கோடு கீறி எடைக்குப் போடுவார்கள்.
அதை வாங்கித்தான் எங்கள் பக்கம்
நாகரிகம் பழகியது.
இத்தாலிச் சாம்பலை ஊரெல்லாம் கேட்ட வருஷம்
அதன் கழிவில் ஓர் ஆட்டுப்பட்டி எழுந்தது.
கடல்நுரை வெள்ளை, கொஞ்சம் மஞ்சள் தட்டியது,
பஞ்சாயத்து ஆபீஸ் அலமாரி.
வால்நட் மரக்கோடு, கோணலாய் அச்சானது,
ஆதிலட்சுமி மெஸ்ஸில் கைகழுவுமிடத்துக்கு மறைப்பு.
பஸ் ஸ்டாண்டில் பரந்தாமன் டீக்கடைக்கோ
ஐந்து வருஷத்துத் தப்புகள், ஐந்து நிறத்தில், முழுச் சுவர்.
ஆணி போதாத இடத்தில் பைக் டியூப் பட்டை.

போன ஆவணியில்
பெங்களூரிலிருந்து நைனிகா வந்தாள், டிசைன் பிரிவு.
இன்ஸ்பிரேஷன் தேடி, என்றாள்.
ஆலைக்குள் இரண்டு நாள், ஒன்றும் சிக்கவில்லை.
பஸ்ஸுக்குக் காத்திருந்த இருபது நிமிஷத்தில்
சிக்கிவிட்டது.
பரந்தாமன் சுவரை முப்பது படம் எடுத்தாள்.
அவர் தலை வாரிக்கொண்டு வந்து நின்றார்.
கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாள்.

தை மாதம் ஆர்டர் வந்தது.
அடுத்த வருஷத்துக்கு ஐந்து நிறம், ஒரே தொகுப்பு.
பெயர் ‘எல்லைப்புறம்’.
மாதிரிக்கு அந்தப் படம்.

நான் வேண்டாமென்று தள்ளிய தப்பை
தப்பில்லாமல் செய்து தரச் சொல்கிறார்கள்.
பழைய ரிஜிஸ்டரில் அளவெல்லாம் இருந்தது.
ஆனால் சுவரில் இருப்பது அது இல்லையே.
ஏழு வருஷத்து வெயில், அடுப்புப் புகை,
சாய்ந்து சாய்ந்து தேய்ந்த முதுகுகள்.
கருப்பு இரண்டு சொட்டு கூட்டினேன்.
இரும்புச் சிவப்பு. மறுபடி கருப்பு.
பதினொன்றாம் மாதிரிவரை
புதுச்சட்டை போட்ட பிள்ளை மாதிரியே இருந்தது.

கடைசியில் பரந்தாமனிடமே ஒரு துண்டு கேட்டேன்.
‘அறுத்துக்கோம்மா. ஓட்டைய மூட வேற குடு,
எலி வரும்.’
கையிலிருந்த பதினொன்றைக் கொடுத்தேன்.
அன்று மாலையே சுவருக்கு
ஆறாவது நிறம்.
ஐந்து நிறத்துச் சுவர் இப்போது
நைனிகாவின் போனில் மட்டும்தான்.

பதினாறாம் மாதிரி பகலில் ஒத்தது.
கடையில் ஒத்தது.
வீட்டு விளக்கில் மயிரிழை சிவப்பு.
‘ஜனங்க கடையிலதானே பார்த்து வாங்குறாங்க’ என்றார் மேனேஜர்.
வாங்கி எங்கே வைப்பார்கள் என்று நான் கேட்கவில்லை.
பேனா மூடியைத் திறந்தேன், மூடினேன்.
நாளைக்குப் பார்க்கலாம் சார்.

ஊத்துக்கோட்டை வண்டி வர நேரமிருந்தது.
டீ சொன்னேன்.
பரந்தாமன் ஆறாவது கட்டத்தில் சாய்ந்து
சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.
இருட்டியதும் பல்பைப் போட்டார்.
நான் தள்ளிய பதினொன்று
பக்கத்துப் பழசுகளோடு
கோடு தெரியாமல் கலந்து நின்றது.

டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டேன்:
அண்ணே, இது என்ன லைட்டு?

‘நாயுடுப்பேட்டை சந்தை.
எண்பது ரூபா.’