ஒரே பேரினம்

சிவப்பு மூக்கு ஆள்காட்டி
விஜயநாராயணம் குளத்துக் கரையில்.
மஞ்சள் மூக்கு
குளத்துக்கு முதுகு காட்டி, மேற்கே
உடைமரமும் முளைக்காத செவல் தரையில்.

பங்காளிகள். பாகம் பிரித்தபோது
ஒன்று தண்ணீரை எடுத்துக்கொண்டது.

படிவத்தில் 'வாழிடம்' என்ற கட்டம்.
முதலதற்கு 'நீர்நிலை' என்று எழுதிவிட்டேன்.
அடுத்ததில் பேனா நின்றது:
கிராமக் கணக்கில் அதன் பெயர் தரிசு.

'நிலை': இரண்டுக்குமே
கவலை குறைவு.

சோலார் பலகைக்குத் தரை நிரத்த
ஜேசிபியில் வந்த ஜெபமணி
இறங்கிக் குனிந்தார். நாலு முட்டை.
அடையாளத்துக்குச் சுற்றிலும் கல் வைத்தார்.
"எது கல்லு, எது முட்டை?
இப்பம் எனக்கே தெரியலையே."

தலைக்கு மேல் வட்டமிட்டு
எங்கள் இருவரையும்
காட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தது அது,
யாரிடம் என்றுதான் தெரியவில்லை.