முப்பத்திரண்டு காதுகள்

ஒன்பது மணிக்குக் கப்பல் வந்து ஒட்டும்.
கப்பலா அது, படுக்கவைத்த ஓட்டல்.
பாலங்கள் தாழ்வென்று
மாலுமியின் கூண்டைத் தளத்துக்குள் இறக்கிக்கொண்டு
மைன் நதியில் எதுவானாலும்
தலை குனிந்துதான் மில்ட்டன்பெர்க் வந்து சேர்கிறது.

நான் ரோஸ்விதா.
கையில் பதினான்கு என்றெழுதிய அட்டை.
பின்னால் முப்பத்திரண்டு பேர்,
ஆளுக்கொரு காதில் என் குரல்.
சட்டைப் பட்டியில் செருகிய ஒலிவாங்கியில்
கிசுகிசுத்தால் போதும்,
காலணிக் கடை முன் பின்தங்கிவிட்டவர் பக்கத்திலும்
நான் நிற்பேன்.

சிவப்புக் கல் சுவரில் வெள்ளக் கோடுகள்.
தினமும் இங்கேதான் கழுத்துகள் நிமிரும்.
இது ஆயிரத்து எழுநூற்று எண்பத்து நான்கு,
பனிக்கட்டியை உருட்டிக்கொண்டு வந்த தண்ணீர்.
உங்கள் தொப்பிக்கு மேலே ஒரு முழம், பாருங்கள்.
யாராவது ஒருவர் கோட்டடியில் நின்று
மூழ்குபவர் போலக் கன்னத்தை உப்பிப் படமெடுப்பார்.
அது சிரிக்க வேண்டிய இடம்.
சிரிப்பேன்.

பிறகு அரைமணி நேரம் அவிழ்த்து விடுவேன்.
கேக், கழிப்பறை, தபால்தலை.

அன்றும் அப்படித்தான்.
நீரூற்றுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து
அண்ணனுக்குப் போன் போட்டேன்.

ஆமாம் ஹார்ட்முட், வந்தார்கள். பிராங்க்ஃபர்ட் ஜோடி.
அவளுக்கு ஏழாம் மாதம்.
ஆற்றைப் பார்த்த கீழறையில்
தொட்டிலுக்கு இடம் அளந்தார்கள்.
கேட்டாள். கேட்காமல் இருப்பாளா?
எவ்வளவு தூரம் ஏறும் என்று கேட்டாள்.
மூன்றாம் படி என்றேன்.
இல்லை, ஜன்னலைப் பற்றிப் பேசவில்லை.
அடுப்புக்கு மேலே அப்பா பென்சிலால் இழுத்த கோட்டின் மேல்
போன வாரமே சுண்ணாம்பு அடித்துவிட்டேன்.
இரண்டு பூச்சு. ஒரு பூச்சில் தெரிந்தது.
நீ ஏன் இருமுகிறாய்?
கூரைக்கு ஒரு காசு அனுப்பினாயா நீ?

போனை வைத்த பிறகுதான்
நெஞ்சில் பச்சை விளக்கு
இமைக்காமல் எரிவதைப் பார்த்தேன்.

பதிமூன்று ஆங்கிலக் கூட்டம்,
ஒரு சொல் விளங்கியிருக்காது.
எனக்கு வாய்த்தது பதினான்கு.
ஹனோவர், காசெல், கீல்.
சதுக்கமெங்கும் நின்ற இடத்தில் நின்றிருந்தார்கள்.
கேக்கைப் பாதி கடித்தவர் மீதியை மெல்லவில்லை.
நாய்க்குட்டியைத் தடவக் குனிந்தவர்
குனிந்தபடியே இருந்தார்.
நாய் நிமிர்ந்து பார்த்தது.

எழுந்தேன். அட்டையைத் தூக்கினேன்.
வேறென்ன செய்வது?
வலப்பக்கம், பழைய உப்புக் கிடங்கு, என்றேன்.
எல்லோரும் வலப்பக்கம் பார்த்தார்கள்,
அவ்வளவு கவனமாக ஒரு கிடங்கை
யாரும் பார்த்ததில்லை.

கப்பலடியில் கூடையை நீட்டினேன்.
காதிலிருந்து கழற்றிக் கழற்றிப் போட்டார்கள்.
சில்லறை வழக்கத்தைவிடக் கூட.
அதைத்தான் தாங்க முடியவில்லை.
கடைசியில் வந்தவர்,
சீப்புப் படாத நரை,
கூடைக்குள் பார்த்தபடி
நானும் ஒரு வீடு விற்றவன்தான், என்றார்.
கீலில். கடல் பக்கம்.
மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார்.
ஏறிப் போய்விட்டார்.

பலகையை இழுத்தார்கள்.
கயிறு நனைந்த சத்தத்தோடு கரையை விட்டது.
வழக்கம்போல எண்ணினேன்,
எண்ணி முடித்து மறுபடி எண்ணினேன்.
முப்பத்தொன்று.

ஒன்று போகிறது,
யாரோ ஒருவர் காதிலோ, கோட்டுப் பையில் மறந்தோ,
நீரோட்டத்துக்கு எதிராக வெர்த்ஹைம் நோக்கி.
ஐம்பது மீட்டர் தாண்டினால் இரைச்சல்தான்,
இயந்திரத்தைத் தந்த பையன் சொல்லியிருக்கிறான்.
நாற்பது இருக்கும் இப்போது.
பொத்தானில் விரல் இருந்தது.
அழுத்தவில்லை.

ஜன்னலுக்கு மேலே நாலு விரல், என்றேன்.

மேல்தளத்தில் யாரோ திரும்பினார்கள்.
வெயிலுக்காகக்கூட இருக்கலாம்.