றீல் கழுவும் ஞாயிறு

முதலில் கேத்தல் தண்ணி.
கொதித்ததல்ல, விரல் தாங்கும் சூடு.
கொதித்ததை ஊற்றி ஒருமுறை
தாங்கியின் மூடி வளைந்துபோய்
இன்றுவரை வலப்பக்கமாய்ச் சொட்டுகிறது.
பிறகு அப்பச்சோடா, ஒரு கரண்டி.
பிறகு மெரில்டாவின் பழைய பிரஷ்.
(பழையது என்றுதான் நினைத்தேன்.
வெள்ளிக்கிழமைதான் வாங்கினாளாம்.)

கிருலப்பனை, மேல்மாடி, குளியலறை.
யன்னலுக்குக் கறுப்புத் துணி,
அதன்மேல் அரிசிச் சாக்கு,
அதையும் தாண்டி ஹைலெவல் வீதி உள்ளே வரும்,
மஹரகம மஹரகம என்று கத்திக்கொண்டு.
வெளிச்சத்தை அடைக்கலாம்.
கால்வாயின் ஈரத்தை அடைக்க ஏலாது.
இந்த ஊரில் துவாய் காயாது, உப்புக் காயாது,
றீலின் சுருள்தடம் காயவே காயாது.

நகம் விட்டுப் பார்த்தேன்.
தடம் முழுக்கப் பசை.
கறை விழாதிருக்கக் கடைசித் தண்ணியில் விடும்
இரண்டு சொட்டு மருந்துதான் அது.
றீலைக் கழற்றப் பஞ்சிப்பட்டு
அப்படியே முக்கி முக்கி
ஒரு வருடமாய் நானே பூசியது.

போன செவ்வாய் அதில்தான் மாட்டியது.
விளக்கணைத்து நின்று
இடம் வலம், இடம் வலம் என
மணிக்கட்டுத் திருப்பத் திருப்ப
பதினேழு படம் வழுக்கிக்கொண்டு ஏறிற்று.
பதினெட்டில் நின்றது.
தள்ளினேன்.
தள்ளக்கூடாது.
தள்ளினேன்.
இருட்டில் பிலிம் கிழியும் சத்தம்
அவ்வளவு பெரிதில்லை,
அப்பளத்தின் ஓரம் உடைவதுபோல.
மிச்சம் ஒன்றோடொன்று ஒட்டி,
மருந்து புகாமல், பாலாடையாய் வந்தது.

பதினெட்டிலிருந்து இருபத்தொன்று வரை
விஜேகோன் மாத்தயாவின் நாய்.
கலு. பெயரே கறுப்பு.
பதின்மூன்று வயது, பின்கால் ஏலாது.
படிக்கட்டடியில் கிடந்தபடி
என் கமராவைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.
வியாழன் விடியச் செத்துப்போயிற்று.

புதன் முழுக்க உயிரோடு இருந்தது.
இன்னொரு சுருள் போட்டிருக்கலாம்.
புதன் ஒரு சாதாரண நாள்.
போடவில்லை.

வெள்ளி கேட்டார். சனி கேட்டார்.
பொட்டோ ஹரித?
தாம நே, மாத்தயா.
பொய்யைச் சிங்களத்தில் சொல்வது எனக்குச் சுலபம்,
தெரிந்த சொற்கள் குறைவு.

றீலின் வாயில் இரும்புக் குண்டு இரண்டு,
கடுகைவிடச் சற்றுப் பெரிது.
ஆட்டினால் கிலுங்க வேண்டும்.
வலது கிலுங்கிற்று. இடது ஊமை.
பிரஷில் ஒற்றைத் தும்பு பிடுங்கிக் கிண்டினேன்.
வினாகிரி நெடி மூக்கில் ஏற,
குண்டுக்குப் பின்னாலிருந்து
நகத்துணுக்களவு பிலிம் சில்லொன்று
தண்ணியில் மிதந்து வந்தது.

ரியூப்லைற்றுக்கு நேரே பிடித்தேன்.
ஒன்றுமில்லை. வெறும் கண்ணாடி.

நெகடிவில் வெளிச்சமெல்லாம் கறுப்பு,
கறுப்பெல்லாம் வெறுமை.
ஆகையால் இது
படமே விழாத விளிம்பாய் இருக்கலாம்.
கலுவின் காதாயும் இருக்கலாம்.

தாங்கியைக் கவிழ்த்து வைத்தேன்.
தலைமயிர் உலர்த்தியைப் போட்டு
றீலின் தடத்துக்குள் சூடு ஊதிக்கொண்டிருக்கையில்
படியில் செருப்புச் சத்தம்.
கதவைத் திறந்தேன்.
என் கையிலிருந்த றீலைப் பார்த்துவிட்டு
ஹரித, என்றார்.

வெறுமையாய்த் தெரிவதுதான் கறுப்பு,
கறுப்பென்றால் அது இருந்தது என்று பொருள்,
அல்லது இல்லை என்று பொருள்,
இதையெல்லாம் சொல்ல
என் சிங்களம் போதாது.
ஈரத்தில் ஒட்டிய சில்லோடு
பெருவிரலை நீட்டினேன்.

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
என் மணிக்கட்டைப் பிடித்து
வெளிச்சத்துக்குத் திருப்பினார்.
கனநேரம் பார்த்தார்.

கலு? என்றார்.
கலு, என்றேன்.

உள்ளே மெரில்டா பிரஷைத் தேடிக்கொண்டிருந்தாள்.
றீல் இன்னும் காயவில்லை.