ஏழாவது வரிசை, மூன்றாவது கட்டம்

மசேருவில் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து
நான்தான் அந்த எண்ணை இட்டேன்:
நூற்றுக்கு அறுபத்திரண்டு.
மாத்திரை விலை, செவிலியர் சம்பளம்,
மலைப்பாதைக் குதிரைக்குத் தீனி
எல்லாவற்றுக்கும் ரசீது இருந்தது.
இதற்கு மட்டும் ஒரு கேள்வித்தாள்.
"எச்.ஐ.வி. அண்டாமல் காக்க
தினம் ஒன்று. போட்டுக்கொள்வீர்களா?"
ஆம் என்றார்கள்.
பனியில் அவ்வளவு தூரம் ஏறி வந்தவளிடம்
யார்தான் இல்லை என்பார்கள்.

மொகோட்லாங். ஜூலை.
செவிலி கோபோட்சோ அலமாரியைத் திறந்தாள்.
ஒட்டுநாடா பிரியாத பெட்டிகள்.
நாற்பது பேர் வாங்கிப் போனார்கள்,
பதினொருவர் திரும்ப வந்தார்கள்,
அதிலும் ஒருத்தி
புட்டியைத் திருப்பிக் கொடுக்க.

அந்த ஒருத்தி புசெலெட்சோ.
கணவன் எல்லை தாண்டிச் சுரங்கத்தில்,
ஈஸ்டருக்கு வருவான், டிசம்பருக்கு வருவான்.
புட்டியை என் காதருகில் ஆட்டினாள்.
கலகல.
"ஒரே அறை எங்களுக்கு.
நான் வாயே திறக்காததை
இது ஊருக்கே சொல்லிவிடும்."

பஞ்சு அடைத்துப் பார்த்தாளாம்.
சோளமாவு டப்பாவில் புதைத்துப் பார்த்தாளாம்.
மாவு அள்ளப்போன மகன் கண்டெடுத்துத்
தங்கைக்குக் கொடுத்துவிட்டான்,
கிலுகிலுப்பை என்று.

என் அட்டவணையில்
தூரத்துக்கு ஒரு பத்தி உண்டு,
வயதுக்கு, படிப்புக்கு, ஆட்டு மந்தைக்குக்கூட.
சத்தத்துக்கு இல்லை.

அன்றிரவு மடிக்கணினியில்
அறுபத்திரண்டை அழித்து இருபத்தெட்டு இட்டேன்.
கீழே, வெகு கீழே,
கடைசிக் கட்டம் சிவந்தது:
செலவுக்குத் தகாது.
அப்படியே அனுப்பினால்
வருகிற பதினொருவருக்கும் கதவு சாத்தும்.
அறுபத்திரண்டை அனுப்பினால்
பெட்டிகள் இன்னும் வரும்,
அலமாரிதான் போதாது.

விடிந்ததும் அவள் வீட்டுக்கே போய்க் கேட்டேன்:
சத்தம் போடாத காகித உறையில் கொடுத்தால்?
போர்வையை இழுத்து ஊசி குத்திக்கொண்டே
சிரித்துவிட்டாள்.
"நீ கேட்டால்
அதற்கும் ஆம் என்றுதான் சொல்வேன், தங்கச்சி."

இறங்கும்போது குதிரை ஒவ்வொரு அடிக்கும் குலுங்கியது.
கோட்டுப் பையில் மாதிரிப் புட்டி.
கலகல, கலகல.
முன்னால் போன ஆள்
ஒருமுறை திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான்,
ஒன்றும் கேட்கவில்லை.
ஆற்றைக் கடந்த பிறகுதான் கவனித்தேன்:
கடிவாளத்தை ஒரு கையில் பிடித்து
மறு கையால்
பையை இறுக அமுக்கியிருந்தேன்.