மூன்று நிமிடம் முன்னால்

செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை,
காலை பத்து மணிக்குத் தராசை மூடிவிடுவார்கள்.
அங்கிருந்து பின்பக்கமாக எண்ண வேண்டும்.

பூ காயாகிப் பழுக்க
இந்தக் கரையில் அறுபது நாள்.
வெயில் ஊர்களில் நாற்பத்தைந்து போதுமாம்,
அவர்களுக்கென்ன.
எங்களுக்கு ஜூன் மாதத்திலும் வடகடல்
ஈரத்துணியை முகத்தில் போட்டுவிட்டுப் போகும்.
ஆகவே ஜூலை பத்துக்குள் பூ.
விதைக்கும் பூவுக்கும் நடுவே நூற்றிருபது நாள்.
ஓடுநேரத் தாளின் முதுகில் பென்சிலால்
போட்டுப் போட்டு அழித்தேன்.
மார்ச் பன்னிரண்டு என்றது கணக்கு.
மேகத்துக்கு மூன்று நாள் கழித்து
ஒன்பதை வட்டமிட்டேன்.

கத்பர்ட் ஹெஸ்லொப்
கிறிஸ்துமஸுக்கு மறுநாளே விதைப்பவர்.
வான்கோழி எலும்பு பானையில் இருக்கும்போதே
விரல் நகத்தில் மண் ஏறியிருக்கும்.
பிப்ரவரியில் அவர் நாற்றுகள்
ஜன்னல் வெளிச்சத்தைத் தேடி நீண்டு வெளுத்து
கொக்குக் கழுத்தாய்த் தள்ளாடும்.
"முந்திக்கொள்ளணும்" என்பார்,
மண்ணெண்ணெய் அடுப்புக்கு இன்னொரு கேன் வாங்கிக்கொண்டு.

பயிற்சியின் முதல் நாளே எங்களுக்குச் சொன்னது:
தாமதமாக வரும் பேருந்தைத் திட்டவாவது
ஆட்கள் இருப்பார்கள்.
முன்னால் போய்விட்டது
யார் கண்ணிலும் படாது.

எனக்கும் தெரியாமல் இல்லை.
போன வருஷம் பிப்ரவரி முதல் தேதி.
ஆகஸ்ட் இருபதில் பழுத்து,
ஒரு ராத்திரி மழைக்குத்
தோளிலிருந்து அடிவரை வெடித்தது.
நாலு நாள் சூப்.
அதற்கு முந்தின வருஷம் ஏப்ரல்.
தராசில் ஏறும்போதும் பச்சை,
இன்னும் ஊதிக்கொண்டே இருந்தது.
நடுவர் தட்டிப் பார்த்துக் கேட்டார்:
"இது யாருடைய அக்டோபர்?"

இங்கே பட்டம் என்று
வானத்தில் எதுவும் எழுதி வைக்கவில்லை.

மார்ச் ஒன்பது.
வெந்நீர்த் தொட்டிக்கு மேலே, துண்டுகளுக்கு நடுவில் தட்டு.
அதிகாலை நாலரை, முதல் வண்டிக்குப் போகுமுன்
டார்ச் அடித்துப் பார்ப்பேன்.
ஏழாம் நாள் ஒன்று
முதுகை வளைத்துக்கொண்டு எழுந்தது.

ஜூன் தொடக்கத்தில் குளிர் திரும்பிவந்தது.
தோட்டத்தில் எல்லோரும் சபித்தார்கள், நானும்தான்.
அந்தக் குளிரில் வழிதவறி
நாலு மொட்டு ஒன்றோடொன்று ஒட்டி
மாதக் கடைசியில் ஒரே பூவாக விரிந்தது,
மிதிபட்ட சூரியகாந்தி மாதிரி,
அழகே இல்லாமல், அகலமாக.
மூச்சை அடக்கிக்கொண்டு
மின்சாரப் பல்துலக்கியைக் காம்பில் வைத்தேன்.
மற்ற பூக்களையெல்லாம் கிள்ளிவிட்டேன்.
அதற்கு மட்டும் கொஞ்சம் மனசு கேட்கவில்லை.
பிறகு பழைய நைலான் காலுறையில் தொட்டில்.

போட்டி நாளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை.
எட்டு ஐம்பது வண்டி, எனக்குப் பின்னிருக்கையில்
பாத்திரம் கழுவும் தொட்டி, அதில் துண்டு, துண்டில் அது.
மூன்றாம் நிறுத்தத்தில் கத்பர்ட்,
கேக் டப்பாவும் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டும்.
என் தொட்டியைப் பார்த்தார். பார்க்காதது போல உட்கார்ந்தார்.
பள்ளிக்கூடத்து வேகத்தடை வருமுன்
"அதையும் இங்கே கொடு" என்றார்.
தடை தாண்டும்வரை
கண்ணாடியில் அவர் முழங்கைகள் மட்டும் தெரிந்தன.

சந்தைத் திடல்.
ஒன்பது நாற்பத்தொன்று.
அட்டவணையில் ஒன்பது நாற்பத்து நாலு.
என்ஜினை அணைத்தேன்.
"என்னாச்சு?"
"நேரம் ஆகலை."
"பத்துக்கு மூடிடுவானே!"
"தெரியும்."
மடியில் இரண்டு பழத்தோடு
எழவும் முடியாமல், திட்டவும் வாய் வராமல்
கடிகாரத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.

நாற்பத்து மூன்றில்
ஒரு கையில் காலணியோடு
மீன் கடையைத் தாண்டி ஓடிவந்தாள் ஒருத்தி.
ஏறினாள். மூச்சு வாங்கினாள்.
"நல்லவேளை" என்றாள் யாரிடமோ.
அப்புறம்தான் கத்பர்டின் மடியைக் கவனித்தாள்,
துண்டுக்குள் இரண்டு சிவந்த தலை.
"இரட்டையா?"

நாற்பத்து நாலு.
பிரேக்கை விட்டேன்.