மயிர் பார்க்கிற வேலை

மாரிக்குப்பம் பாசஞ்சரில்
கைக்குட்டை போட்டு எனக்கு இடம் பிடிக்கும் டெய்சிராணி
ஒருநாள் கேட்டாள்:
"அப்படி என்னதாண்டி வேலை உனக்கு பெங்களூர்ல?"
மயிர் பார்க்கிற வேலை என்றேன்.
பங்காரப்பேட்டை தாண்டியும்
பெட்டி சிரித்துக்கொண்டிருந்தது.

பொய்யில்லை.
ஹெப்பாளில் நாலாவது மாடி.
காகித உறைகளில் வந்து சேரும்
செந்நாய்களின் காய்ந்த எச்சம்.
உறை மேல் தேதி, இடம்,
பென்சிலில் ஜடேயாவின் கன்னடம்.
வெந்நீரில் கரைத்துச் சல்லடையில் அலசினால்
ஒரு குளம்பு நுனி, எலும்புத் தூள்,
மற்றதெல்லாம் மயிர்.

செந்நாயை நான் பார்த்ததில்லை.
அது குரைக்காது, சீழ்க்கையடிக்கும்.
மற்ற நாயைவிட இரண்டு பல் குறைவு.
வேட்டையில் முதல் வாய் குட்டிகளுக்கு,
ஓடிப் பிடித்தவை அப்புறம்.
காட்டுப் பாதைகள் கூடும் முனையில்
கூட்டமாக வந்து கழித்துவிட்டுப் போகும்,
எங்கள் லைனில் ஒரே கக்கூசுக்கு
வரிசையில் நின்றதுபோல.

வெள்ளைக்காரன் காலத்தில்
அதன் தோலைக் கொண்டுபோய்க் காட்டினால் காசாம்.
என் பாட்டனுக்குச் சுரங்கத்தில் கொடுத்த
அதே ராஜா தலை போட்ட காசு.

வியாழக்கிழமை, அறுபத்தொன்றாம் உறை.
மான் மயிருக்குள்
தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்கும்.
இதில் நடுவே மெல்லிசாய் ஒரு கோடு மட்டும்.
கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்.
கன்றுக்குட்டி.

யாரோ ஒருத்தர் பட்டியில்
ஒரு கயிறு சும்மா கிடக்கிறது.
தின்றது போக மீந்த உடம்பில்
குருணை மருந்தைத் தூவினால் போதும்.
பதினொன்றும் ஒரே இலையில் உண்கிற கூட்டம்.

வைதேகி மேடம் போனை எடுத்தார்.
கன்றுக்கான பணம் முந்துமா,
கடை மருந்து முந்துமா,
எங்கள் ஆபீசே இந்த ஓட்டத்துக்குத்தான்.
அப்போதுதான் உறையைத் திருப்பினேன்.
பத்தொன்பது நாள் பழைய தேதி.
முந்தியது எதுவோ, முந்திவிட்டது.

ஜடேயாவுக்கு டவர் கிடைக்கவில்லை.
அன்றைக்கு மீதி உறைகளைத் தொடவில்லை நான்.
ஜன்னலுக்குக் கீழே
சிக்னலில் போலீஸ்காரர் சீழ்க்கை ஊத ஊத
ஒரு வண்டியும் நிற்கவில்லை.

அடுத்த புதன் வந்தது ஒன்று.
அதே முனை. நாலு நாள் முந்திய தேதி.
கை நடுங்கிச் சல்லடை தட்டிற்று.
அறை அறையாக, தேன்கூடு.
புள்ளிமான்.
மேடத்தைக் கூப்பிட்டேன், ஓடி வந்தார்,
குனிந்து பார்த்துச் சிரித்தார்.
பிறகு இரண்டு பேரும் சும்மா நின்றோம்.
தின்றது எதை என்று மயிர் சொல்லும்,
எத்தனை பேர் என்று சொல்லாது.

சாயங்கால ரயிலில் டெய்சிராணி
"இன்னைக்கு என்ன மயிருடி?" என்றாள்.
மான் என்றேன்.
"பரவால்லையே"
என்று பட்டாணிப் பொட்டலத்தை நீட்டினாள்.